அரியலூர் கடைவீதியை அடைத்த கல்யாணப் பாட்டு

நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அரியலூர் கடைவீதியில் கடை வைத்திருந்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். மற்றவர்களின் முட்டாள்தனம் வீட்டோடு நின்றுவிடும், மிஞ்சினால் தெருமுனை வரைக்கும் போகும். என்னுடையது குழாய் ஸ்பீக்கர் வழியாகப் போனதால் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கேசட் கடையில் எனக்கு வேலை. ஆட்கள் வெற்று கேசட்டோடு வந்து வேண்டிய பாட்டைச் சொல்வார்கள், நான் பதிந்து கொடுப்பேன். தொண்ணூறு சதவீதம் எண்பதுகளின் பாட்டுத்தான் கேட்பார்கள். யாரும் பாட்டின் முதல் வரியைச் சொல்ல மாட்டார்கள். "அந்த ஆளு மழையில சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போவாரே, அது" என்பார்கள். "தாடி வச்சிக்கிட்டு ஆத்தங்கரையில இருமுவாரே, அது" என்பார்கள். நான் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அதுதான் நமக்கு வராதே.

"எடுத்துத் தரேன் அண்ணே. இந்தப் பாட்டை எழுதினது யாருன்னு தெரியுமா?"

"ஏன், ஏதாவது தப்பா எழுதிட்டாரா?"

இப்படித்தான் பதில் வரும். பாட்டு என்றால் திரையில் வாயசைத்தவர் பாட்டு. கொஞ்சம் விவரமானவர்கள் பாடகர் பெயரைச் சொல்வார்கள், இன்னும் விவரமானவர்கள் இசையமைத்தவர் பெயரை. எழுதியவர் பெயர் கேசட் அட்டையின் உள்மடிப்பில் எறும்பு சைஸில் இருக்கும். அதைப் பல்பு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிப் படித்த ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நான்தான் என்று எனக்கொரு கர்வம். அட்டை தொலைந்துபோன கேசட்டுகளுக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். மேகம், மூங்கில் என்று வந்தால் இந்தக் கவிஞர். அம்மா, தங்கச்சி என்று வந்தால் அந்தக் கவிஞர். ஒன்றுமே புரியவில்லையென்றால் மெட்டுப் போட்டவரே எழுதியது. தப்பாகச் சொன்னாலும் கேட்பதற்கு ஆள் கிடையாது என்பது இந்தத் துறையில் ஒரு பெரிய வசதி.

அந்தப் பாட்டுகளையே கேட்டுக் கேட்டு நானும் பாட்டெழுத ஆரம்பித்தேன். எண்பதுகளின் பாட்டில் பெண்ணுக்குக் கை கால் இருக்காது. அவள் நிலா, மலர், மான், மயில், கிளி. சுருக்கமாக, ஒரு வனத்துறை அலுவலகம். ஆண் வேலையில்லாத பட்டதாரி. அவனுக்குக் காதல் தோற்றே ஆக வேண்டும். நான் பட்டதாரி இல்லை, வேலையும் இருந்தது, காதலித்தவள் யாரும் இல்லை, ஆனாலும் தோல்வியை மட்டும் முன்கூட்டியே தொடங்கித் தாடி வளர்த்தேன். நம்ம மண்ணின் மணம் வேண்டுமே என்று நிலாவை எடுத்துவிட்டு, "ஆண்டிமடத்து முந்திரியே, அரை வட்டச் சுந்தரியே" என்று ஒரு பல்லவி எழுதினேன். கடை முதலாளி கேட்டுவிட்டு, "பொண்ணுக்கு முதுகு கூனா?" என்றார். அதோடு அந்தப் பாட்டு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாளும் வந்தால் நான் கீபோர்டு வாசிக்கப் போவேன். எங்கள் மெல்லிசைக் குழுவின் தலைவர் பெரம்பலூரில் தையல் கடை வைத்திருந்தவர். ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிடும். ஆண் குரலில் பாடுவார். பாட வேண்டிய பெண் வராத நாட்களில் பெண் குரலும் அவரே. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நன்றாக இருக்கும், திறந்து பார்த்தால் அந்த மீசை.

அவர் தண்ணீர் குடிக்கிற இடைவெளியில் நான் டிவி இசைகளை வாசிப்பேன். எண்பதுகளில் சர்க்கார் டிவியில் வந்ததே, அவைதான். காலையில் டிவி திறக்கும் இசை, செய்திக்கு முன்னால் வரும் இசை, ஊரே சூடம் கொளுத்திப் பார்த்த இந்தி புராணத் தொடரின் முகப்புப் பாட்டு. அந்த இந்திப் பாட்டின் பொருள் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கூட்டம் கூடவே பாடும், ஆளுக்கொரு இந்தியில். விவசாய நிகழ்ச்சியின் முகப்பிசையை வாசித்தால் பின்வரிசையிலிருந்து "யூரியா எப்பங்க வரும்?" என்று குரல் வரும். மாஸ்டரின் பாட்டுக்குக் கிடைக்காத கைதட்டல் இதற்குக் கிடைக்கும். என் தலையில் கனம் ஏறியது இப்படித்தான்.

இந்த நேரத்தில் என் தாய்மாமா ஒரு வரன் கொண்டுவந்தார். பெண் வீட்டார் ரெட்டிபாளையம். அப்பா சிமெண்ட் ஃபேக்டரியில் வேலை, ஷிப்டில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். பெண் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிறாள்.

"மாப்ள, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. அப்பாக்காரர் சரின்னா மட்டும் ஆவாது. அந்தப் பொண்ணு ஏற்கனவே ஒருத்தனை வேண்டாம்னு அனுப்பிடுச்சு."

"ஏன் மாமா?"

"ரொம்பப் பேசினானாம். தன்னைப் பத்தியே."

நான் சிரித்தேன். என்னைப் பற்றிச் சொல்கிறார் என்று அப்போது புரியவில்லை.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. மாப்பிள்ளையை வீட்டில் வந்து பார்ப்பதற்கு முன்னால், அவன் போகிற ஏதாவது ஒரு கல்யாணத்துக்குப் பெண் வீட்டாரும் வந்து தூரத்திலிருந்து பார்த்துக்கொள்வார்கள். பிடிக்கவில்லையென்றால் சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாம், யாருக்கும் மனக்கசப்பு இல்லை. அரியலூர் கடைவீதியை ஒட்டிய மண்டபத்தில் ஒரு கல்யாணம். காலை முகூர்த்தம் முடிந்து சாப்பாடு வரைக்கும் எங்கள் கச்சேரி. பெண் வீட்டாருக்கும் அழைப்பு இருந்தது. "அங்கியே பாத்துக்கட்டும். நீ பாட்டுக்கு வாசி, அடக்க ஒடுக்கமா இரு" என்றார் மாமா.

எப்படி அடக்கமாக இருப்பது? எனக்கு இருபத்தாறு வயதில் வந்த முதல் வரன். தாடியை எடுத்தேன். சொந்தமாக ஒரு கல்யாணப் பாட்டு, சொந்தமாக மெட்டு, அதை மேடையில் என் பெயரைச் சொல்லி அறிவிக்க வைப்பது என்று முடிவெடுத்தேன். வார்த்தை ஒரே மூச்சில் வந்தது.

மஞ்சள் வெயிலே மணமகளே
மாலை நிலவே மணமகனே
சிமெண்டாய் இறுகும் சொந்தங்களே
செண்பகப் பூவாய் வாழியவே

மூன்றாவது வரி யாருக்காக என்று சொல்லத் தேவையில்லை.

மெட்டுத்தான் சிக்கவில்லை. நாலைந்து நாள் தவித்தேன். ஒரு மத்தியானம் கடையில் கண்ணயர்ந்தபோது ஒரு இசை தானாக வந்து நின்றது. நிதானமான, உருகுகிற இசை. ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் இழுக்கும், மெல்ல இறங்கும், மறுபடி ஏறும். கேட்கும்போதே மனசெல்லாம் அப்படியொரு சந்தோஷம். சின்ன வயதில் எங்கேயோ கேட்டதுபோல இருந்தது. நல்ல மெட்டென்றால் அப்படித்தான் இருக்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன். என்னுடையது என்று எடுத்துக்கொண்டேன்.

அது எங்கே கேட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று எனக்குத் தெரிந்திருந்தால் இத்தனை பேருக்குக் கஷ்டம் வந்திருக்காது. எங்கள் ஊர் குரும்பலூர். எங்கள் தெருவில் முதல் டிவி ரைஸ் மில்காரர் வீட்டில்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை படத்துக்குச் சில்லறை கொடுத்தால்தான் உள்ளே விடுவார், இல்லையென்றால் ஜன்னல், அதிலும் உயரமான பையன்களுக்குத்தான் இடம். நான் சில்லறையும் இல்லாதவன், உயரமும் இல்லாதவன். அப்படியிருக்க, ஒருமுறை யாரோ பெரிய தலைவர் தவறிப்போனார். பள்ளிக்கூடத்துக்கு நாள்கணக்கில் லீவு. ரைஸ் மில்காரர் துக்கத்துக்கு மரியாதையாகக் கதவைத் திறந்து எல்லோரையும் இலவசமாக உள்ளே விட்டார். டிவியில் படம் கிடையாது, பாட்டு கிடையாது, மாலை போட்ட ஒரு போட்டோவும் பின்னணியில் வயலினும் ஷெனாயும் கலந்து அழுகிற இசையும் மட்டும். மற்ற பையன்கள் அலுத்துப்போய்க் கோலி விளையாடப் போய்விட்டார்கள். நான் மட்டும் டிவிக்கு நேர் எதிரே, முதல் ஆளாக, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். என் பால்யத்திலேயே ஆனந்தமான நாட்கள் அவைதான். லீவு, இலவச டிவி, முன்வரிசை. என் மூளை அந்த இசையை மங்கள இசை என்று எழுதிப் பத்திரமாக வைத்துக்கொண்டுவிட்டது.

கல்யாணத்தன்று காலையிலிருந்தே அரியலூரில் கரண்ட் இல்லை. மண்டபத்தில் ஜெனரேட்டர். வாசலில் கட்டியிருந்த இரண்டு குழாய் ஸ்பீக்கர்களில் ஒன்று கடைவீதியையும் இன்னொன்று பஸ் ஸ்டாண்டையும் பார்த்துக்கொண்டிருந்தன. ஊரில் எந்த வீட்டு டிவியும் ஓடவில்லை. ஊருக்குக் கேட்டது நாங்கள் வாசித்தது மட்டும்தான்.

இரண்டாவது வரிசையில் பெண் வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். அப்பா வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. பக்கத்தில் அம்மா, அதற்கடுத்து அவள். மாம்பழக் கலர் புடவை. மேடையை ஒருமுறை பார்த்தாள், அப்புறம் மின்விசிறியைப் பார்த்தாள். எனக்கு அந்த ஒருமுறையே போதுமாக இருந்தது. மாஸ்டரின் காதில் கிசுகிசுத்தேன். அவர் மைக்கைப் பிடித்து, "அடுத்து நமது கீபோர்டு கலைஞரே எழுதி, அவரே இசையமைத்த மணமக்கள் வாழ்த்து" என்றார். முகத்தில் உற்சாகம் இல்லை, தொண்டைக்கு ஓய்வு கிடைத்த நிம்மதி மட்டும்.

நான் வயலின் பட்டனை அழுத்தி முன்னிசையைத் தொடங்கினேன். உள்ளதிலேயே நீளமான முன்னிசை.

கால் நிமிஷம் ஆகியிருக்காது. மண்டபத்தில் சத்தம் அடங்கிவிட்டது. சொக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்போது பெண்ணின் அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். தலை குனிந்திருந்தது. அவர் நிற்பதைப் பார்த்துப் பக்கத்து வரிசை நின்றது. அப்புறம் மண்டபமே நின்றது. மாப்பிள்ளையும் பொண்ணும்கூட மாலையோடு எழுந்து நின்றார்கள். இந்த ஜில்லாவில் எந்தக் கலைஞனுக்கும் கிடைக்காத மரியாதை என்று எனக்குக் கண் கலங்கியது. வாசித்துக்கொண்டே தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன். அதைப் பார்த்து எல்லோரும் இன்னும் கொஞ்சம் குனிந்தார்கள்.

வெளியே சர்சர்ரென்று ஏதோ சத்தம். எங்கள் தபலாக்காரன் புதிதாக ஏதோ முயற்சி செய்கிறான் என்று நினைத்தேன். கடைவீதியில் ஷட்டர் இறங்கிய சத்தம் அது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது, நேரமில்லாத நேரத்தில். பையன்கள் "ஓ" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் பல்லவிக்கு வந்து, "மஞ்சள் வெயிலே" என்று பாட ஆரம்பித்தேன். முன்வரிசையில் ஒரு பெண்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த மெட்டில் "வாழியவே" என்று இழுத்தால் எப்படி இருக்குமென்று நீங்களே பாடிப் பாருங்கள், வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து.

சமையல்காரர் கரண்டியோடு மேடைப் பக்கம் வந்து மாஸ்டரிடம், "பாயாசம் போடலாமுங்களா, நிறுத்திடவா?" என்றார். அவருக்குப் பின்னாலேயே மாமா ஏறி வந்தார்.

"யாருடா போயிட்டாங்க?"

"யாரும் போவலியே மாமா. எல்லாரும் நின்னுக்கிட்டுல்ல கேக்கறாங்க."

மாமா என்னை அறையவில்லை. மேடை என்பதால் இருக்கும். மாஸ்டர்தான் கீபோர்டின் ஒயரைப் பிடுங்கினார்.

"டேய், இது எங்கேருந்து புடிச்ச டியூன்?"

"சொந்த டியூன் மாஸ்டர்."

"தலைவர் செத்தா டிவியில போடுறதுடா இது."

அப்போதுதான் ரைஸ் மில்காரர் வீடும், மாலை போட்ட போட்டோவும் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. நீட்டிக்கொண்டிருந்த என் காலும் தெரிந்தது.

இப்போதும் சமாளித்திருக்கலாம். நான்தான் மைக்கைப் பிடித்து, "பொதுமக்களுக்கு ஒரு அறிவிப்பு. யாரும் இறக்கவில்லை. எந்தத் தலைவரும் இறக்கவில்லை" என்றேன். நம் மாநிலத்தில் இப்படி ஒரு அறிவிப்பு வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும். அதுவரை பாதி இறங்கியிருந்த ஷட்டர்கள் முழுசாக இறங்கின. "மறைக்கறாங்கய்யா, மெட்ராஸ்லேர்ந்து உத்தரவு வரணும்போல" என்று வாசலில் ஒருவர் விளக்கம் சொன்னாராம். பஸ்ஸெல்லாம் டிப்போவுக்குத் திரும்பிவிட்டன. யாரோ பூத்திலிருந்து திருச்சிக்கு போன் போட்டு விசாரிக்க, அங்கே ஒரு கடைக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஷட்டரை இறக்கி வைத்ததாகவும் கேள்வி. அதற்கு நான் பொறுப்பில்லை.

மாஸ்டர் யோசித்து, "ஒரு குத்துப்பாட்டைப் போடு. சாவு இல்லைன்னு அவங்களே புரிஞ்சுக்குவாங்க" என்றார். போட்டோம். ஊர் வேறு மாதிரி புரிந்துகொண்டது. தலைவர் இறந்துகிடக்கையில் எவனோ குத்துப்பாட்டு வாசித்துக் கொண்டாடுகிறான் என்று ஒரு கட்சிக்காரர்கள் கும்பலாக மண்டபத்துக்குள் வந்தார்கள். அடுத்த வாசல் வழியாக எதிர்க்கட்சிக்காரர்களும் வந்தார்கள். இரண்டு கட்சிக்கும் போனது தங்கள் தலைவர்தான் என்ற பயம்.

"எங்க தலைவருக்கு என்னய்யா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலைங்க. நல்லாயிருக்காரு."

"அப்ப அவங்க தலைவரா?" என்று கேட்டபோது அந்தக் குரலில் துக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது.

"அவரும் நல்லாயிருக்காருங்க."

இதுதான் இரண்டு பேருக்கும் கோபத்தைக் கிளப்பியது. அந்த ஊரில் இரண்டு கட்சியும் சேர்ந்து ஒரு காரியத்துக்குக் கை ஓங்கியது அன்றுதான் என்று மாமா இன்றுவரை சொல்வார். முதல் ஆள் என் சட்டையைப் பிடித்துவிட்டான். நான் மைக் ஸ்டாண்டைக் கட்டிக்கொண்டேன்.

பெண்ணின் அப்பா மேடைக்கு வந்தார். எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று ஊரையே நிற்க வைத்தவர் அவர்தான். என்னைவிட அவருக்குத்தான் அவமானம். அவரும் அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். என் சட்டையைப் பிடித்தவன் அவருடைய ஷிப்டில் வேலை செய்கிறவன்.

"ஏய், கையை எறக்கு."

"அண்ணே, நீங்க விலகுங்க. இவனை இன்னிக்கு..."

"எறக்குன்னேன். எங்க வூட்டு மாப்புள்ள மேல என் முன்னாடியே கை வப்பியா?"

கை இறங்கியது. அவர் சொன்ன கடைசி வாக்கியம் தூரத்தில் எங்கோ சுவரில் மோதி, "வப்பியா" என்று திரும்பி வந்தது. நான் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த மைக்கை அவர் அப்போதுதான் பார்த்தார். கடைவீதிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் செய்தி போய்விட்டது. சும்மா ஒரு அடியைத் தடுக்கச் சொன்ன வார்த்தை என்று இனிமேல் சொல்ல முடியாது.

ஒரு நிமிஷம் கழித்து வெளியே ஒரு ஷட்டர் மேலே ஏறிய சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று. தலைவர் இறந்த வேளையில் எவனும் மேடையேறி மாப்பிள்ளை உறவு சொல்ல மாட்டான் என்று கடைவீதி கணக்குப் போட்டுவிட்டது. என் அறிவிப்பு சாதிக்காததை அவர் கோபம் சாதித்தது. சமையல்காரர் யாரையும் கேட்காமல் பாயாசத்தை ஊற்ற ஆரம்பித்தார்.

மாமா என் காதில், "அப்பாக்காரர் மாட்டிக்கிட்டாரு. இனிமே அந்தப் பொண்ணு கையிலதான் இருக்கு. வாயைத் தொறக்காத" என்றார்.

பஸ் வரும்வரை பெண் வீட்டார் போக முடியாது. பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்பா இலையை விட்டு நிமிரவே இல்லை. அவள் மட்டும் அப்பளத்தை உடைக்கும்போது ஒருமுறை தோள் குலுங்கச் சிரித்தாள், பக்கத்தில் அம்மா கிள்ளியதும் நிறுத்தினாள். அது என்ன சிரிப்பென்று எனக்குப் பிடிபடவில்லை. பிடித்ததற்குச் சிரித்தாளா, விட்டது தொல்லை என்று சிரித்தாளா? மூன்று கரண்டி பாயாசம் குடித்தும் தெரியவில்லை.

சாப்பாடு முடிந்து கை கழுவுகிற இடத்துக்கு அவள் தனியாக வந்தாள். நானும் போனேன். ஏற்கனவே கழுவிய கைதான், மறுபடி கழுவினேன். மாமா சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் பஸ் வந்துவிட்டால் அவள் போய்விடுவாள், அப்புறம் பதில் எனக்கு யார் யார் வாய் வழியாகவோ வரும். என்னைப் பிடித்திருக்கிறதா என்று நேராகக் கேட்கத் தைரியம் இல்லை. எண்பதுகளின் நாயகன் யாரும் நேராகக் கேட்டதில்லை, ஒரு பாட்டைச் சுற்றி வந்துதான் கேட்பான். என் பக்கம் ஒரு பாட்டும் மிச்சமில்லை. கொஞ்சம் கனைத்துக்கொண்டு, குழாயைப் பார்த்தபடியே சொன்னேன்.

"நம்ம கல்யாணம்னு ஒண்ணு நடந்தா, அதுக்கும் நானே சொந்தமா ஒரு மெட்டுப் போட்டு, நல்லதா ஒரு பாட்டு எழுதி வாசிக்கலாம்னு இருக்கேன். என்ன மாதிரி பாட்டு வேணும்னு நீங்க சொன்னா..."

அவள் குழாயை மூடிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாயனம் போதும்."